பிழைப்பு உள்பக்கத்தில் இருக்கிறது

கேட்டவர் சுங்கை பட்டாணிக்காரர், 26 வயது. கிராஃபிக் டிசைன் படித்துவிட்டுப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறார். தமிழ்ப் புத்தகங்களை வடிவமைக்க ஆசை, பிறகு சொந்தமாகப் பதிப்பகம் நடத்தவும் ஆசை. எட்டு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறதாம். “வேலையை விட்டுவிடலாமா? கோலாலம்பூரில் இதை நம்பிப் பிழைக்க முடியுமா? சென்னைக்குப் போய்க் கற்றுக்கொண்டு வர வேண்டுமா?” என்று கேட்டு, தான் செய்த எட்டு மாதிரிகளையும் அனுப்பியிருந்தார்.

தங்கச்சி, வேலையை இப்போது விடாதீர்கள். பிழைக்க முடியும், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை. சென்னை பிறகு.

நீங்கள் அனுப்பிய எட்டும் அட்டைகள். எட்டும் அழகு. ரப்பர்ப் பால் நிறைந்த மங்குக் கிண்ணத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறீர்களே, அதை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். ஆனால் எட்டில் ஓர் உள்பக்கம்கூட இல்லை. இந்த ஊரில் அட்டை போடத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் போடுவார், எழுத்தாளரின் மருமகன் போடுவார், இப்போது கணினியிடம் கேட்டால் அதுவும் போட்டுத் தருகிறது. 160 பக்கத் தமிழ் நாவலை வரி வரியாக உட்காரவைத்து, பிழையில்லாமல் அச்சகத்துக்கு அனுப்பத் தெரிந்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். பதினாறு வருடமாகச் செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் நான் வாடகை கட்டிக்கொண்டிருப்பது அந்த வேலையால்தான். வாசலில் பதிப்பகம் என்று பலகை தொங்குகிறது. பலகைக்கும் சேர்த்துச் சோறு போடுவது அடுத்தவர் நூலின் உள்பக்கம்.

ஏன் இப்படி என்று புரிய, இங்கே தமிழ்ப் புத்தகம் எப்படி விற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் தமிழ்ப் புத்தகம் கடையில் விற்பதைவிட மண்டபத்தில் விற்பது அதிகம். நீங்கள் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்காவது போயிருப்பீர்கள். மேடையில் குத்துவிளக்கு, பொன்னாடை, நான்கு வாழ்த்துரை. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு உறையை நீட்டுவார். பிறகு வந்தவர்கள் வரிசையாக மேடையேறி உறை கொடுத்து, நூல் வாங்கி, எழுத்தாளரோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கி, பின்னால் மீகூன் சாப்பிடப் போவார்கள். நூலின் விலை 25 வெள்ளி (ரிங்கிட்) என்றிருக்கும், உறைக்குள் 50 இருக்கும், சிலதில் 100. மொய் மாதிரிதான். அச்சுக் கூலி அன்று இரவே வந்துவிடும். மீந்த புத்தகங்கள் எழுத்தாளர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பெட்டிகளாக உட்கார்ந்து, நம் ஊர் ஈரத்தில் மெல்ல மெல்ல அலை அலையாக வளைந்துபோகும்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இங்கே தேசிய இலக்கியம் என்றால் மலாய் மொழியில் எழுதப்பட்டது மட்டும்தான், தமிழில் எழுதினால் அது ‘சாஸ்திரா சுக்குவான்’, ஓர் இனத்தாரின் இலக்கியம். சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, சிங்கப்பூர் இலக்கியப் பரிசில் தமிழுக்குத் தனிப் பிரிவே உண்டு. நமக்கு அந்தக் கூரை இல்லை. அந்த இடத்தை நிரப்பியவை எழுத்தாளர் சங்கமும், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் போன்ற அமைப்புகளும், மண்டபத்து உறைகளும்தான். அவை இல்லையென்றால் என் அலமாரியில் பாதிப் புத்தகங்கள் பிறந்தே இருக்காது.

ஆனால் அதனால் ஒரு கெடுதி வந்து சேர்ந்தது. எழுத்தாளர் என்னிடம் வரும்போது கையெழுத்துப் பிரதி முடிந்திருக்காது, தேதி முடிவாகியிருக்கும். “டத்தோ தேதி கொடுத்துட்டாருங்க, ஆறு வாரம்தான் இருக்கு.” இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று கணக்கு வைத்திருந்தால் அதையே ஒரு நூலாகப் போடலாம். ஆறு வாரத்தில் அச்சுக்கு மூன்று போய்விடும். மிச்சம் மூன்றில் எழுத்தாளர் ஒரு வாரம் அணிந்துரைக்காகக் காத்திருப்பார். அணிந்துரை எழுதுபவர் எப்போதும் பயணத்தில் இருப்பார். கடைசியில் நூலைத் திருத்தவும் பக்கம் கட்டவும் பத்து நாள். விழாவில் அட்டையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், அதனால் காசு அட்டைக்குப் போகும், தங்கப் பூச்சுக்கூடக் கேட்பார்கள். உள்ளே 11 புள்ளி எழுத்தை நெருக்கி அடைத்து, ஒரு பக்கத்துக்கு 38 வரி. வாங்கியவர் வீட்டில் பிரிப்பார், கண் வலிக்கும், மூடிவிடுவார். வாங்கியவர் படிக்காமல் போனதற்கு நம் சமூகத்துக்கு வாசிப்புப் பழக்கம் இல்லை என்று காரணம் சொல்வார்கள். பாதிக்குப் பாதி அந்த 38 வரிதான் காரணம் என்பது என் கட்சி.

சரி, பதிப்பகம் நடத்தினால் என்ன கிடைக்கும்? என் சொந்தக் கணக்கைத் திறந்து காட்டுகிறேன், உங்களுக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். 160 பக்க நாவல், ஏ5 அளவு, 500 பிரதி. அச்சுக்கு மொத்தம் சுமார் 3,000 வெள்ளி, அதாவது பிரதிக்கு 6. விலை 25 வைக்கிறேன். கடைக்கு 10 வெள்ளி கழிவு, எழுத்தாளருக்கு 10 விழுக்காடு, அதாவது 2.50. கையில் நிற்பது 12.50. ஐந்நூறும் விற்றால் அச்சுக் கூலி போக 3,250 மிஞ்சும். ஐந்நூறும் விற்க எனக்கு மூன்று வருடம் ஆகிறது. முந்நூறே விற்றது என்று வையுங்கள், 3,750 வரும், அச்சுக்கு 3,000 போனது போக 750. இதில் நீங்கள் பக்கம் கட்டிய உழைப்பு, மெய்ப்பு, அதாவது அச்சுப்பிழை, பார்த்தவருக்குக் கொடுத்தது, தபால் செலவு எதுவும் சேரவில்லை. இதே 160 பக்கத்தை வேறொருவருக்கு நான் கட்டிக்கொடுத்தால் பக்கத்துக்கு 5 வெள்ளி, மெய்ப்புக்குத் தனியாக 3. 1,280 வெள்ளி, நூலை ஒப்படைக்கும் அன்றே கைக்கு வந்துவிடும். மாதம் மூன்று நூல் கிடைத்தால் உங்கள் விளம்பர நிறுவனச் சம்பளத்தை எட்டிப் பிடிக்கலாம். முதல் வருடம் மூன்று கிடைக்காது. அதனால்தான் வேலையை விடாதீர்கள் என்றேன்.

இனி உள்பக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அங்கே ஆங்கிலத்துக்குத்தான் பாடம்.

நீங்கள் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர். தமிழை ஒட்டியவுடன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அதை ஒவ்வொரு பத்திக்கும் செய்யாமல், புத்தகம் தொடங்கும்போதே பத்திப் பாணிகள் எல்லாவற்றிலும் போட்டுவைத்துவிடுங்கள். இல்லையென்றால் எங்கோ ஓர் அடிக்குறிப்பில், ஒரு பட விளக்கத்தில் பழையபடி உடைந்து நிற்கும், உங்கள் கண்ணில் படாது, விழாவில் யாராவது ஒரு தமிழாசிரியர் கண்ணில் படும்.

எனக்கு நடந்ததைக் கேளுங்கள். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் கவிதைத் தொகுப்பு. அவசரத்தில் பிடிஎஃப் எடுக்காமல் மூலக் கோப்பையே அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களிடம் இருந்தது மென்பொருளின் பழைய பதிப்பு. திறந்தார்கள், ஏதோ எச்சரிக்கை வந்திருக்கிறது, சரி என்று அழுத்தியிருக்கிறார்கள். 500 பிரதி கட்டி வந்தபோது 47ஆம் பக்கத்திலிருந்து ‘கொடி’ எல்லாம் க தனியாக, கொம்பு தனியாக, கால் தனியாக நிற்கிறது. கவிதை பூராவும் கொடியும் கொழுந்தும்தான். மறுநாள் மாலை விழா. ஐயா ஒரு பிரதியை எடுத்துப் பிரித்தார், அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், மூடி மேசைமேல் வைத்துவிட்டு “பரவாயில்லம்மா, சாப்டீங்களா?” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். மறு அச்சுக்கான காசை நான்தான் போட்டேன். அன்றிலிருந்து எழுத்துருக்களை உள்ளே பதித்த பிடிஎஃப் தவிர எதையும் அச்சகத்துக்கு அனுப்புவதில்லை, கட்டும் முன் ஒரு பிரதியைத் தாளில் வாங்கிப் பார்க்காமல் சம்மதம் சொல்வதும் இல்லை.

அச்சகம் பற்றி இன்னொன்று. செகாம்புட், ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் நீங்கள் போகிற அச்சகங்களில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. முதலாளி சீனர், இயந்திரத்தில் நிற்பவர் வங்காளதேசி. அவர்களுக்கு உங்கள் பக்கத்தில் தெரிந்தது பக்க எண் ஒன்றுதான். எந்தப் பக்கம் மேல், எது முன், எது பின் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். அழகுக்காக அத்தியாயத் தொடக்கப் பக்கங்களில் எண்ணை எடுத்துவிடுகிறோமே, ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு பக்கம் தலைகீழாக அச்சாகி வந்தது. அவர்கள்மேல் தப்பில்லை, எண்ணில்லாத தமிழ்ப் பக்கம் அவர்களுக்கு எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். இப்போது நான் வெட்டுக்கோட்டுக்கு வெளியே சின்னதாக எண் போட்டு அனுப்புகிறேன். வெட்டும்போது போய்விடும்.

தமிழ்ச் சொல் நீளம். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால் ஏ5 பக்கத்தில் அரை வரி போய்விட்டது. இரு ஓரமும் நேராக இருக்கட்டும் என்று இழுத்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். அதற்குச் சொல்லைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது. ‘கொண்டு’ என்பதைக் ‘கொ’ என்று ஒரு வரியிலும் ‘ண்டு’ என்று மறு வரியிலும் விட்டவரை என் முதலாளி தெருவில் வைத்துத் திட்டுவார். (அவரிடம்தான் நான் இரண்டு வருடம் கற்றேன், ஈய எழுத்துக் கோத்துப் பழகியவர்.) பிரிக்கிற இடத்தில் ஆங்கிலம்போல் சிறு கோடு போடுவதும் நம் வழக்கமில்லை. மென்பொருள் தானாகப் போடும், நிறுத்திவிடுங்கள். சாய்ந்த எழுத்தும் வேண்டாம். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்வெழுத்து என்று தனியாக வரைந்து வைத்திருக்க மாட்டார்கள், மென்பொருள் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும். காற்றில் சாய்ந்த வாழைமரம் மாதிரி இருக்கும். ஒற்றை மேற்கோள் போதும்.

வரி இடைவெளி தாராளமாக வேண்டும். நமக்கு மேலே இகர ஈகாரச் சுழி, கீழே உகர ஊகாரக் கால். ஆங்கிலத்துக்கு விடுகிற இடம் பற்றாது. நான் 12 புள்ளி எழுத்துக்கு வரிக்கு வரி 17 புள்ளி விடுகிறேன். ஏ5இல் 29 வரி வரும். நூலில் பக்கம் கூடும், கூடட்டும். இங்கே தமிழ்ப் புத்தகம் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அவர்கள் கண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துரு விஷயத்தில் நாம் தலைநிமிரலாம். மேக் கணினியில் ‘தமிழ் சங்கம் எம்.என்.’ என்று ஓர் எழுத்துரு இருக்கிறதே, அந்த எம்.என். யார் தெரியுமா? முத்து நெடுமாறன், நம் ஊர்க்காரர். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கியவர், ஆப்பிளோடு வருகிற இணைமதியும் அவருடையதுதான். உலகத்தில் எங்கே மேக்கைத் திறந்தாலும் தமிழ் ஒரு மலேசியரின் கையால் தெரிகிறது, நம் புத்தகங்களோ எங்கிருந்தோ திருடி இறக்கிய எழுத்துருவில் வருகின்றன. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், மீரா இனிமை, கவிவாணர் எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாவலுக்கு நான் பெரும்பாலும் நோட்டோ செரிஃப்தான் போடுகிறேன்.

பழைய கோப்புகள் உங்களிடம் வரும், தயாராக இருங்கள். யூனிகோடுக்கு முந்திய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த கட்டுரைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாற்றியில் போட்டால் மாறும், ஆனால் ‘கௌரி’யைக் கவனியுங்கள். பலர் கெ, ள, ரி என்று மூன்றாகத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தேடினால் கிடைக்காது, வரி உடையும்போது கெ இங்கேயும் ளரி அங்கேயும் போகும். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு விதமான குறியீடு புழங்குகிறது. நான் ஒவ்வொரு கோப்பையும் வாங்கியவுடன் இந்த இரண்டையும் தேடிச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

தாள்: இங்கே அச்சகத்தில் வெள்ளைத் தாளைச் சிமிலி என்பார்கள். 80 கிராம் சிமிலி ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். 160 பக்கம் என்றால் 80 தாள், முதுகு 8 மில்லிமீட்டர். மஞ்சள் புக் பேப்பர் இன்னும் தடிக்கும். அட்டை முடிந்த பிறகு எழுத்தாளர் தாளை மாற்றினால், முதுகில் இருந்த தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும், அதற்குக் கூலி கேளுங்கள். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லிவிடுங்கள். குறுக்கே ஓடினால், மேலே சொன்னேனே, மாடிப்படிக்குக் கீழே அலை அலையாக வளைவது, அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பக்கங்களை 16இன் மடங்கில் முடியுங்கள், ஒரு ஃபாரம், அதாவது ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம், வீணாகாது.

ஆனால் இதெல்லாம் கைவேலை, ஆறு மாதத்தில் வந்துவிடும். வராதது மொழி. நீங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவரா என்று எழுதவில்லை. ஒற்று மிகும் இடம், மிகா இடம் தெரியாமல் இந்த வேலைக்கு வந்தால், நீங்கள் வெறும் பக்கம் கட்டுபவர். தெரிந்து வந்தால் உங்களை விட மாட்டார்கள். அதோடு நம் மலேசியத் தமிழும் தெரிய வேண்டும். என்னிடம் வந்த ஒரு தோட்டத்து நாவல், ஏற்கனவே சென்னையில் ஒருவரிடம் மெய்ப்புக்குப் போய்வந்திருந்தது. அதில் ஒரு வரி: ‘விடியற்காலை நாலரைக்கு அம்மா புரட்டுக்குக் கிளம்பினாள்.’ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா என்ன புரட்டு செய்யப் போனாள்? எழுத்தாளர் எழுதியது ‘பெரட்டு’. தோட்டத்தில் காலையில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அது. தோட்டத்தைப் பார்த்தே இராதவர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டார். அதே பிரதியில் ‘பசியாறினான்’ என்பதைக் ‘காலை உணவு உண்டான்’ என்றும், எண்ணெய்ப் பனையான ‘செம்பனை’யைப் ‘பனை’ என்றும் மாற்றியிருந்தார். நல்ல மனிதர், அக்கறையாகத்தான் செய்திருக்கிறார். 14 இடம், ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றினேன். ஆயாக் கொட்டகை, நிரை, மங்கு, தண்டல் என்ற தோட்டத்துச் சொற்களெல்லாம் உங்கள் பாட்டி வாயில் இருக்கிறதா? போய் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். அந்தப் பட்டியல் வேறு யாரிடமும் கிடைக்காத மூலதனம்.

சட்டம், பதிவு வகையறாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பயப்படும்படி ஒன்றுமில்லை. வணிகப் பெயரில் தனியுரிமைத் தொழிலாக, நிறுவனங்களைப் பதிகிற ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வருடத்துக்கு 60 வெள்ளி. ஐஎஸ்பிஎன் எண்ணை ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிற தேசிய நூலகம் தருகிறது. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதி அங்கே கொடுத்துவிட வேண்டும். பலர் கொடுப்பதில்லை. நீங்கள் கொடுங்கள், நாளைக்கு ஆய்வு செய்கிற மாணவருக்கு அந்த ஐந்தில் ஒன்றுதான் கிடைக்கும். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தில் புத்தகத்துக்கு முன்கூட்டிய பெர்மிட் தேவையில்லை, பத்திரிகைக்குத்தான் தேவை. ஆனால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் நூலில் இருந்தே ஆக வேண்டும், உள்துறை அமைச்சர் நினைத்தால் ஒரு நூலைத் தடைசெய்யவும் முடியும். அச்சகக்காரர் மதம், இனம் என்று ஏதாவது பட்டால் தயங்குவது அதனால்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுத்தாளரோடு இரண்டு பக்கமாவது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். ‘நமக்குள்ள எதுக்கும்மா பேப்பரு’ என்று சொல்பவரிடம் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நாவலாசிரியர்களிடமிருந்து மட்டும் வராது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு வருடம் வைர விழாவோ நூற்றாண்டோ வரும், மலர் போடுவார்கள். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதை வைத்து 2016இல் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு கொண்டாடினார்களே, அந்த வருடம் நான் ராத்திரி இரண்டு மணிக்கு முன் படுக்கவில்லை. கோயில் கும்பாபிஷேக மலர், சங்கங்களின் ஆண்டறிக்கை, முனைவர் பட்ட ஆய்வை நூலாக்குகிற விரிவுரையாளர், அப்பாவின் நினைவாக அவர் எழுதிவைத்த பாடல்களைத் தொகுக்கிற பிள்ளைகள். இலக்கியம் இல்லை என்று முகம் சுளிக்காதீர்கள். நான் கட்டிய பக்கங்களில் எனக்குப் பிடித்தவை ஒரு தோட்டப் பள்ளி மலரில் வந்த 1950களின் வகுப்புப் படங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் கண்டுபிடித்துப் போட்டோம். இரண்டு வருடம் பழகினால் சிங்கப்பூரிலிருந்தும் வேலை வரும், டாலரில்.

சொந்தப் பதிப்பகத்துக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒரு நூல் போதும். பக்கம் கட்டிச் சம்பாதிப்பதில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுக்கொண்டே வாருங்கள், அது 4,000 வெள்ளியானால் ஒரு நூல். அரசாங்கப் பக்கமும் எதையும் எதிர்பார்க்காதீர்கள். யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராகக் கோலாலம்பூரை அறிவித்தது, நாங்கள் எல்லாம் ஆளுக்கொரு கனவு கண்டோம், கோவிட் வந்து கதவைச் சாத்திவிட்டது. முன்மாதிரி வேண்டுமென்றால் பக்கத்து மொழிகளைப் பாருங்கள். அமிர் முகமது 2011இல் ஆரம்பித்த புக்கு ஃபிக்ஸி, நகரத்து மலாயில் மலிவான திகில் கதைகளைப் போட்டு, புத்தகக் கடைப் பக்கமே போகாத பையன்களைப் படிக்கவைத்தது. அந்த எண்ணிக்கை நமக்கு வராது, மலாய் வாசகர் தொகை வேறு. ஆனால் பத்து நூலை வரிசையாக வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிகிற அந்த ஒற்றுமையைக் கற்கலாம். பினாங்கு அரேக்கா புக்ஸ் வேறு தினுசு, ஒரு நகரத்தின் வரலாற்றையே எடுத்துக்கொண்டு, படமும் வரைபடமுமாக நிதானமாகச் செய்கிறார்கள். பினாங்குச் சூலியாக்களைப் பற்றி, அதாவது நம் தமிழ் முஸ்லிம்களைப் பற்றி, கூ சல்மா நசுத்தியோன் எழுதிய கனமான ஆங்கில நூல் 2014இல் அங்கிருந்துதான் வந்தது. பார்த்தபோது பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வெட்கமாகவும். பினாங்கில் 1880களிலேயே தமிழில் பத்திரிகை அச்சடித்தவர்கள் நாம். அந்தக் கதையை அந்தத் தரத்தில் தமிழில் யாராவது செய்தார்களா? நீங்கள் வடக்கே பிறந்தவர், பாலத்தைத் தாண்டினால் ஜார்ஜ்டவுன். உங்கள் முதல் நூல் அங்கே இருக்கலாம்.

மறுபதிப்பும் யோசியுங்கள். நம் சட்டத்தில் ஆசிரியர் காலமாகி 50 ஆண்டுக்குப் பிறகு நூல் பொதுவுடைமை, இந்தியாவில் 60. இங்கே சுதந்திரமாகப் போடக்கூடியதைச் சென்னையில் விற்கும்போது கவனம் வேண்டும், அவ்வளவுதான். உரிமை முடிந்திருந்தாலும் குடும்பத்தைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பல நேரம் அவர்கள் வீட்டில்தான் கிழியாத பிரதி இருக்கும்.

விற்பனைக்கு ஜெயபக்தி மாதிரிக் கடைகளில் வையுங்கள், இணையத்தில் வையுங்கள். கியூஆர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மற்றவர் விழாக்களில் வாசலோரம் ஒரு மேசை கேளுங்கள். கோலாலம்பூர் அனைத்துலகப் புத்தகத் திருவிழாவில் தனிக் கடை எடுக்க இப்போது யோசிக்க வேண்டாம். அங்கே தமிழ்க் கடைகள் சிலதுதான், யாரிடமாவது ஓர் அலமாரி வாடகைக்குக் கேளுங்கள், கொடுப்பார்கள். நம் ஆட்கள் இந்த விஷயத்தில் தாராளம்.

சென்னை? பொங்கலையொட்டி நடக்கும் புத்தகக் காட்சிக்கு ஒரு தடவை போய்வாருங்கள், நான்கு நாள். ஒவ்வொரு கடையிலும் அட்டையைப் பார்க்காமல் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அளவுகோல் எடுத்துப் போங்கள், ஓரம் எவ்வளவு விட்டிருக்கிறார்கள், வரி எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே அச்சுக் கூலி குறைவு என்பது உண்மை. பெட்டி கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து வெளியே எடுக்கும்போது அந்தக் குறைவு கரைந்துபோகும். 1,000 பிரதிக்குக் கீழே என்றால் நான் இங்கேதான் அடிக்கிறேன்.

தனியாக வேலை செய்யத் தொடங்கினால் ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்து மாதாமாதம் ஏதாவது போடுங்கள், அரசாங்கமும் கொஞ்சம் சேர்க்கும். நான் முதல் ஏழு வருடம் போடவில்லை.

இப்போதைக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு பழைய தமிழ்க் கதைப் புத்தகத்திலிருந்து 16 பக்கம் நீங்களே தட்டச்சு செய்து, நீங்களே கட்டி, பெட்டாலிங் ஜெயாவில் எந்தக் கடையிலாவது இரு பக்கமும் அச்செடுத்து, நடுவில் ஊசி போட்டுக் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மத்தியானம் செந்தூலில்தான் இருப்பேன், கீழே கோப்பிக் கடை. பிடிஎஃப் அனுப்ப வேண்டாம், தாளில். நான் சிவப்புப் பேனாவோடு வருகிறேன்.